மறு: மெம்பூலைக் கலைப்பதா, விடுவிப்பதா?

அன்புள்ள குழுவினருக்கு,

இயங்குதள ஆய்வகப் பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் மையநிரலில்) மெம்பூல் பற்றிய பகுதியில், ஃப்ரீ (free), டிஸ்ட்ராய் (destroy) இரண்டுக்குமே "விடுவித்தல்" என்று எழுதியிருக்கிறது. இப்படியே விட்டால் மாணவர்கள் பிழையான நிரல்தான் எழுதுவார்கள்.

நினைவகம் தீர்ந்துபோன நெருக்கடியிலும் வட்டில் எழுதும் வேலை நிற்கக் கூடாது என்று, குறைந்தபட்ச இருப்பை முன்கூட்டியே எடுத்து வைப்பதுதான் மெம்பூல் (memory pool). எடுத்துப் பயன்படுத்திய நினைவகத் துண்டைத் திருப்ப மெம்பூல்_ஃப்ரீயை அழைக்கும்போது இருப்பு குறைந்திருந்தால் அந்தத் துண்டு இருப்புக்கே திரும்பும். நிறைந்திருந்தால்தான் பொது நினைவகத்துக்குப் போகும். மெம்பூல்_டிஸ்ட்ராயோ இருப்பு மொத்தத்தையும் கொடுத்துவிட்டு மெம்பூலையும் இல்லாமல் ஆக்கிவிடும். வெளியே போன துண்டு திரும்பும் முன்பே அதை அழைத்தால், அப்புறம் திரும்பிவரும் துண்டு இல்லாத மெம்பூலைத் தேடும், கெர்னல் விழலாம். இரண்டு வினைக்கு இரண்டு சொல் தாருங்கள். பூலுக்கும் ஒன்று.

> பூலுக்கும் ஒன்று

குளம் என்பதில் என்ன தயக்கம்? "நினைவகக் குளம்" பல வலைப்பதிவுகளில் கண்ட சொல்தானே.

> குளம்

கோடையில் வற்றுவது குளத்தின் இயல்பு. இது வற்றக் கூடாத இருப்பு. ஊர் உண்ணும் நீர் ஊருணி. குறள் 215 பேரறிவாளன் செல்வத்துக்கு அதைத்தான் உவமை சொல்கிறது. கண்மாய், ஏந்தல், தாங்கல் என்று நீர்நிலைக்கு இத்தனை பெயர் வைத்த மொழியில் குளத்தோடு நிற்பானேன்? ஆனால் வகுப்பில் ஊருணி எடுபடாது என்பதால் "நினைவகச் சேமம்" என்கிறேன்.

> சேமம்

க்ஷேமத்தின் வழி வந்த சொல், ஐயா. "வைப்பு" இருக்க இது எதற்கு?

> வைப்பு

வைப்பு என்றால் மாணவனுக்கு வங்கிதான் நினைவுக்கு வரும். நாள் முழுக்கச் சேமிப்பு, சேமிப்பு என்று எழுதிவிட்டு சேமத்தை மட்டும் வாசலில் நிறுத்துவது சரியில்லை.

வினைக்கு வருகிறேன். "விடு" என்பதே செயப்படுபொருள் குன்றா வினை. அதன்மேல் "வி" ஏறிய விடுவி, கட்டுண்டதை அவிழ்ப்பது. கெடு கேடாவது போல் விடு வீடாகும், முதனிலை திரிந்த தொழிற்பெயர். சமயத்தார் வீடுபேறு என்றதும் இந்த விடுதலையைத்தான். அந்த முறையில் "நினைவக வீடு" என்றே

> நினைவக வீடு

ஐயா, வெள்ளிக்கிழமை அச்சு.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடநூல்களில் இயங்குதளம் இல்லை, பணிசெயல் முறைமை. குறிப்பில் அதையும் ஓரிடத்தில் போட்டுவிடுங்கோ. டிஸ்ட்ராய்க்கு "அழித்தல்" வேண்டாம். கோப்பை அழிப்பதற்கு அது ஏற்கெனவே போய்விட்டது. சட்டமன்றத்தைக் கலைக்கிறார்களே, அந்தக் "கலைத்தல்" பொருந்தும்.

> கலைத்தல்

எனக்கும் சம்மதம். ஆனால் இன்னொன்றையும் எழுதுங்கள். முன்பெல்லாம் உருவாகவே இல்லாத மெம்பூலைக் கலைக்கச் சொன்னால் கெர்னல் விழும்; ஒவ்வொரு டிரைவரிலும் (சாதனத்தை இயக்கும் நிரலிலும்) மெம்பூலின் முகவரியை வைத்திருக்கும் சுட்டி (பாயிண்டர்) வெற்றா என்று முதலில் பார்த்தாக வேண்டும். 2015-இல் வந்த 4.3 பதிப்பிலிருந்து, வெற்றுச் சுட்டியைக் கொடுத்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பழைய நிரலைப் படிக்கும் மாணவர்கள் அந்தச் சோதனை ஏன் இருக்கிறது என்று குழம்புகிறார்கள்.

> எழுதுங்கள்

சேர்த்துவிட்டேன், நன்றி. பூலுக்குச் சேமம், டிஸ்ட்ராய்க்குக் கலைத்தல். மெம்பூல்_ஃப்ரீக்கு "ஒப்படைத்தல்" என்று போடுகிறேன்: துண்டை ஒப்படைப்பதோடு அழைத்தவர் வேலை முடிந்தது, அது சேமத்தில் தங்குமா வெளியே போகுமா என்பதைச் சேமம் முடிவு செய்யும். பொது நினைவகத்துக்கே நேராகத் திருப்பும் கேஃப்ரீக்கு (kfree) விடுவித்தல் அப்படியே இருக்கட்டும். அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

> சேமம்

உடன்பாடில்லை. என் வகுப்பில் வைப்புதான். "சுட்டி" என்பதும் மவுசுக்கும் பாயிண்டருக்கும் பொதுவாகக் கிடக்கிறது; அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.