மின்னூல் விளம்பரம்: 11 கிளிக்குகள் வந்தும் ஒரு பிரதிகூட விற்கவில்லை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய முதல் துப்பறியும் நாவலை அமேசான் கிண்டிலில் நானே மின்னூலாக வெளியிட்டிருக்கிறேன். விலை 2.99 டாலர்; ராயல்டிக்கு 70 சதவீதத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். விளம்பரம் செய்யாத நூல் யார் கண்ணிலும் படாது என்று பலரும் சொன்னதால், அமேசானிலேயே ஸ்பான்சர்டு புராடக்ட்ஸ் விளம்பரம் ஒன்றைத் தானியங்கி இலக்கு முறையில் (எந்தத் தேடலில், எந்தப் பக்கத்தில் காட்டுவது என்பதை அமேசானே முடிவு செய்யும்) தொடங்கி, ஒரு கிளிக்குக்குக் கொடுக்கத் தயாரான ஏலத்தொகையை 20 சென்ட் என்று குறித்தேன். ஒன்பது நாட்களில் விளம்பரம் 6,200 முறை காட்டப்பட்டு, 11 கிளிக்குகள் வந்துள்ளன. செலவு 3.08 டாலர், விற்பனை பூஜ்யம். நான் 20 சென்ட் என்று குறித்திருக்க, சராசரியாக 28 சென்ட் எப்படிக் கழிக்கப்பட்டது என்பதும் விளங்கவில்லை. இதை நிறுத்திவிட்டு ஃபேஸ்புக் விளம்பரத்துக்கு மாறலாமா, அல்லது ஏலத்தொகையை உயர்த்திப் பார்க்கலாமா?

மறுமொழி 1

முதலில் அந்த 28 சென்ட். விளம்பரம் அமைக்கும்போது ஏல உத்தி என்று ஒரு பகுதி வந்திருக்கும். அதில் "ஏற்றவும் இறக்கவும்" என்ற தெரிவை நீங்கள் எடுத்திருக்க வேண்டும். விற்பனைக்கு வாய்ப்பு அதிகம் என்று அமேசான் கருதும் இடத்தில் அந்தத் தெரிவு உங்கள் ஏலத்தொகையைத் தானே உயர்த்தும். தேடல் முடிவுகளின் முதல் பக்க உச்சியில் இரு மடங்குவரைகூடப் போகும். "இறக்க மட்டும்" என்று மாற்றிவிட்டால் 20 சென்ட்டைத் தாண்டாது.

அடுத்து, பதினொரு கிளிக்குகளை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் பக்கத்துக்கு வருகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் வாங்குவதாகவே வைத்துக்கொண்டாலும், முதல் 11 பேரில் ஒருவர்கூட வாங்காமல் போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 31 சதவீதம். நூறு கிளிக்குகளாவது வரட்டும்.

ஆனால் அந்த நூறுக்குக் காத்திருக்கும் முன், ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்க உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான். 70 சதவீதத் திட்டத்தில், விலையிலிருந்து கோப்பின் அளவுக்கேற்ற விநியோகக் கட்டணத்தை (அமெரிக்கத் தளத்தில் ஒரு எம்பிக்கு 15 சென்ட்) கழித்த பிறகே ராயல்டி கணக்கிடப்படுகிறது. கோப்பு 1 எம்பி என்றால் 2.84 டாலரில் 70 சதவீதம், அதாவது 1.99 டாலர் கைக்கு வரும். பத்துக்கு ஒருவர் வாங்கினால் ஒரு கிளிக்குக்கு 19 சென்ட் வரை தாங்கும்; இருபதுக்கு ஒருவர் என்றால் 9 சென்ட்டுக்கு மேல் கொடுப்பதெல்லாம் நட்டம். விலையை 99 சென்ட் ஆக்கினால் கூட்டம் வரும் என்று சிலர் சொல்வார்கள். அந்த விலைக்கு 35 சதவீதத் திட்டம் மட்டுமே உண்டு என்பதால் பிரதிக்குக் கிடைப்பது 35 சென்ட்டுக்கும் குறைவு, அதைக் கொண்டு கிளிக் வாங்கிக் கட்டாது. உங்கள் கோப்பின் அளவு என்ன?

கேட்டவர்

விலை நிர்ணயப் பக்கத்தில் 6 எம்பி என்று காட்டுகிறது. ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ஒரு கோட்டோவியம் சேர்த்திருந்தேன். அதற்கு இப்படி ஒரு விலை இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

மறுமொழி 1

அப்படியானால் 90 சென்ட் விநியோகத்துக்கே போய்விடுகிறது. மிஞ்சுவது பிரதிக்கு 1.46 டாலர். ஓவியங்களின் அளவைச் சுருக்கி ஏற்றினாலே, விளம்பரத்தைத் தொடாமல் பிரதிக்கு அரை டாலர் கூடும்.

மறுமொழி 2

மேலே சொன்ன கணக்கு சரியே. இருந்தாலும் நூறு கிளிக்குகள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்தக் கிளிக்குகள் எந்தத் தேடலிலிருந்து வந்தன என்பதை இன்றே பார்க்கலாம். விளம்பர அறிக்கைகளில் தேடுசொல் அறிக்கையைத் தரவிறக்குங்கள். என் நாவலின் தலைப்பில் "சதுரங்கம்" என்ற சொல் இருந்தது. கொலைக் கதை தேடுவோருக்காக நான் காசு கொடுத்துக்கொண்டிருக்க, வந்த 23 கிளிக்குகளும் சதுரங்கம் கற்றுக்கொள்ள நூல் தேடியவர்களுடையவை! அந்தத் தேடுசொற்களை எதிர்மறைச் சொற்களாக (இவற்றைத் தேடுவோருக்கு விளம்பரத்தைக் காட்டாதே என்று சொல்பவை) சேர்த்த பிறகே செலவு அடங்கியது. தானியங்கி விளம்பரத்தின் உண்மையான பயன் விற்பனை அன்று, உளவு; அதில் பலன் தந்த சொற்களையும், உங்கள் நூலை ஒத்த நூல்களின் பக்கங்களையும் எடுத்துத் இலக்குகளை நாமே குறிக்கும் கைமுறை விளம்பரம் ஒன்றில் தனியே போட வேண்டும்.

இன்னொன்று. நூலை அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்திருந்தால், கிண்டில் அன்லிமிடெட் (அமேசானின் மின்னூல் வாசிப்புச் சந்தா) சந்தாதாரர்கள் படித்த பக்கங்களுக்கான தொகை விளம்பரக் கணக்கில் தனிப் பத்தியில் வரும். செலவை விற்பனையோடு ஒப்பிடும் ஏகாஸ் விகிதத்தில் அது சேராது. விற்பனை பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தப் பத்தியையும் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களா?

மறுமொழி 3

ஃபேஸ்புக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். அமேசானில் விளம்பரம் பார்ப்பவர் ஏற்கெனவே கடைக்குள் நிற்பவர். ஃபேஸ்புக்கில் பார்ப்பவரோ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே படமும் முதல் வரியும்தான் எல்லாம். அமேசானின் நூல் பக்கத்தில் ஃபேஸ்புக்கின் பிக்சலை (பக்கத்துக்கு வருவோர் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்காணிக்கும் சிறு நிரல்) வைக்க நமக்கு வழியில்லாததால், யார் வாங்கினார் என்பது அதற்குத் தெரியாது. கிளிக் செய்யும் பழக்கமுள்ளவர்களையே தேடித் தேடிக் காட்டும். கிளிக் மலிவாகக் கிடைக்கிறது என்று நானும் மகிழ்ந்து ஏமாந்திருக்கிறேன். இரண்டையும் ஒரே வாரத்தில் ஓட்டினால் எந்த விற்பனை எதனால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

வெளிப்படையாகச் சொன்னால், ஒற்றை நாவலுக்கு விளம்பரம் பெரும்பாலும் கட்டுப்படியாவதில்லை. அதே துப்பறிவாளரை வைத்து இரண்டாம் நாவல் வந்துவிட்டால், முதல் நூலை வாங்கியவரில் ஒரு பகுதியினர் அதையும் வாங்குவார்கள்; அப்போது ஒரு கிளிக்குக்கு நீங்கள் தாங்கக்கூடிய தொகையே வேறு.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நூலை செலக்டில் சேர்க்கவில்லை, ஆகவே பூஜ்யம் பூஜ்யமே. அறிக்கையைத் தரவிறக்கிப் பார்த்தேன்: 11 கிளிக்குகளில் 7, "இலவசத் துப்பறியும் கதைகள்" என்ற பொருளிலான தேடல்களிலிருந்து வந்தவை. "இலவசம்" என்பதை எதிர்மறைச் சொல்லாகச் சேர்த்து, ஏல உத்தியை "இறக்க மட்டும்" என்று மாற்றிவிட்டேன். ஓவியங்களைச் சுருக்கியதில் கோப்பு 1 எம்பிக்கு வந்துவிட்டது. இரண்டாம் நாவல் பாதியில் நிற்கிறது; அது முடியும்வரை ஃபேஸ்புக் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நூறாவது கிளிக் வந்ததும் எண்களுடன் இங்கேயே எழுதுகிறேன்.