ஏற்காடு ஏத்தத்துல மேன்க்ஸ் ரெப்ளிகா நின்னு போகுது, அவசரம், யாராச்சும் சொல்லுங்க

ஒத்தசிலிண்டர்
வணக்கம். நார்ட்டன் கம்பெனியோட பழைய மேன்க்ஸ் ரேஸ் பைக் மாதிரி கட்டின ரெப்ளிகா ஒன்னு 14 மாசமா உக்காந்து ரெடி பண்ணி முடிச்சேன், அஸ்தம்பட்டி அஞ்சு ரோடுன்னு டவுனுக்குள்ள அருமையா ஓடுது, ஏற்காடு ஏறினா மட்டும் 7வது 8வது கொண்டை ஊசி கிட்ட திணறித் திணறி நின்னுடுது, கால் மணி நேரம் ஓரமா போட்டுட்டு உதைச்சா ஒன்னுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது, மறுபடி ரெண்டு வளைவு தாண்டினா அதே கதை. கார்புரேட்டர ரெண்டு தடவ கழட்டி கழுவியாச்சு, ப்ளக் புதுசு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகணும்.

சூரமங்கலத்தான்
கண்டென்சர், பாயிண்ட்ஸோட சேந்து ப்ளக் பொறிக்கு உதவுற சின்ன பார்ட். சூடானா செத்துடும், ஆறினா உயிர் வந்துடும். என் வண்டில இதே பிரச்சனைக்கு மூணு மாசம் அலைஞ்சேன். மாத்திட்டு ஏறுங்க.

பழையஇரும்பு
என்ன என்ஜின்? ப்ளக்குக்கு கரண்ட் மேக்னெட்டோவா காயிலா? என்ன கார்பு? நின்ன உடனே ப்ளக்க கழட்டி பாத்தீங்களா, என்ன கலர்? எதுவுமே சொல்லாம எப்படிங்க சொல்றது.

பெவல்டிரைவ்
தம்பி, அடிப்படை தெரியாம வண்டில கை வைக்கக் கூடாது. சேலம் 300 மீட்டர் கூட கிடையாது, ஏற்காடு 1500 மீட்டர். மேல போகப் போக காத்து மெலிசாகும், பெட்ரோல் அதிகமாகும், வண்டி மூச்சு முட்டும். கார்புல பெட்ரோல் வர்ற மெயின் ஜெட்ட ரெண்டு நம்பர் சின்னதா போடு. அப்புறம், மேன்க்ஸ்னா வால்வ திறக்கிற கேம் ரெண்டும் என்ஜின் தலைல, ஓவர்ஹெட் கேம், அத பெவல் கியரும் ஷாஃப்டும் வச்சு ஓட்டுவான். உன்னோடது என்ன?

ஒத்தசிலிண்டர்
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். புல்லட் 350 காஸ்ட் அயர்ன் என்ஜின், பாயிண்ட்ஸ் காயில், மிக்கார்ப் கார்புரேட்டர். 80கள்ல சோழவரம் ரேஸ் பாத்துட்டு வந்து அப்பா கட்டின வண்டி, ஃப்ரேம், சீட்டு, டேங்க் எல்லாமே அவர் கைவேலை. அவர் இப்ப மேல தோட்டத்துல இருக்கார், ஓட்டிட்டுப் போய் அவர் முன்னாடி நிறுத்தணும். கண்டென்சர் இன்னிக்கு மாத்திட்டேன், அதே இடத்துல நின்னுச்சு. ப்ளக் வெள்ளையா இருக்கு.

பெவல்டிரைவ்
கேம் கீழ இருந்து தடி வச்சு வால்வ தள்ளுற புஷ்ராட் என்ஜின். அப்போ அது மேன்க்ஸ் ரெப்ளிகாவே இல்ல. மேன்க்ஸ் மாதிரி டேங்க் போட்ட புல்லட். பேர சரியா சொல்லிப் பழகுங்க.

லீபஜார்காரன்
அண்ணா, இத என்னால ஏத்துக்க முடியல. ஃபார்முலா 3 கார்ல போடறதுக்கு மேன்க்ஸ் என்ஜின் வேணும்னு கேட்டப்ப நார்ட்டன் என்ஜின தனியா விக்கல, முழு வண்டிய வாங்கி என்ஜின உருவிட்டு மிச்சத்த வித்தாங்க, அந்த ஃப்ரேம்ல ட்ரையம்ஃப் என்ஜின ஏத்தினவங்கதான் ட்ரைட்டன் கட்டினாங்க. இங்கிலாந்துக்காரன் கலந்து கட்டினா பெருமை, சேலத்துக்காரர் கட்டினா டூப்பா?

பெவல்டிரைவ்
ட்ரைட்டன ட்ரைட்டன்னுதான் சொல்றான், மேன்க்ஸ்னு சொல்லல. மெக்கேண்ட்லஸ் வடிவமைச்ச அந்த ஃபெதர்பெட் ஃப்ரேம்ல 1950ல ஜெஃப் டியூக் ஐல் ஆஃப் மேன் தீவு ரேஸான சீனியர் டிடி ஜெயிச்சார். அந்தப் பேருக்கு ஒரு மரியாதை இருக்கு.

லீபஜார்காரன்
ரெப்ளிகான்னு சொல்லித்தானே போட்டிருக்கார்.

ஏற்காட்டான்
சண்டைய அப்புறம் வச்சுக்கலாம். ப்ளக் வெள்ளைன்னு சொல்றார், யாரும் கவனிக்கல. உயரத்தால பெட்ரோல் அதிகமானா ப்ளக் கருப்பாகும். வெள்ளைன்னா பெட்ரோல் பத்தல. டவுன்ல ஆக்ஸிலரேட்டர் பாதி கூட திறக்க மாட்டோம், மலைல முழுசா திறந்து வச்சே ஏறுறோம், கார்புல பெட்ரோல் நிக்கிற ஃப்ளோட் கிண்ணம் காலியாகுற வேகத்துக்கு டேங்க்ல இருந்து இறங்கல, நின்னதும் மெதுவா ரொம்பிடுது. கார்புல இருந்து ட்யூப்ப கழட்டி பாட்டில்ல விட்டுப் பாருங்க, டேங்க் மூடி போட்டு ஒரு தடவ, திறந்து ஒரு தடவ. மூடி போட்டா மட்டும் பெட்ரோல் நூல் மாதிரி வந்தா மூடில காத்து ஓட்டை அடைப்பு. ரெண்டுலயும் நூலானா டேங்க் அடில இருக்கிற பெட்ரோல் டேப்போட ஃபில்டர் அடைப்பு. ஆமா, அப்பா கைவேலைன்னீங்களே, டேங்க் தகரமா ஃபைபரா?

ஒத்தசிலிண்டர்
ஃபைபர். அவரே அச்சு எடுத்து வார்த்தது.

ஏற்காட்டான்
அப்போ பாட்டில் எல்லாம் அப்புறம், முதல்ல பெட்ரோல வடிங்க. இப்ப பங்க்ல போடறது இ20, அதுல 20 சதவீதம் எத்தனால். பழைய ஃபைபர் டேங்கோட ரெசின எத்தனால் இளக்கிடும், அது பசை மாதிரி வந்து டேப் ஃபில்டர்ல ஒட்டும். கார்ப எத்தன தடவ கழுவினாலும் மேல இருந்து வந்துகிட்டேதான் இருக்கும். இன்லெட் வால்வு தண்டுலயும் ஒட்டிக்கும், வால்வு சிக்கிக்கிச்சுன்னா புஷ்ராட் வளையும். அதனால இனிமே அத ஓட்டாதீங்க.

சூரமங்கலத்தான்
இருந்தாலும் அந்த புது கண்டென்சர் ஒரிஜினல்தானான்னு ஒரு தடவ பாத்துடுங்க.

ஒத்தசிலிண்டர்
டேப்ப கழட்டினேன். ஃபில்டர் வலை பூரா தேன் கலர்ல பசை, விரல்ல ஒட்டினா போக மாட்டேங்குது. டேங்க் உள்பக்கம் நகத்தால கீறினா கோடு விழுது. ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்டோட தகர டேங்க போட்டு ஏறினேன், 20 வளைவும் நிக்கல. அப்பாகிட்ட அவர் டேங்க் இப்படி ஆனத இன்னும் சொல்லல. ஏற்காட்டான் அண்ணாவுக்கு ரொம்ப நன்றி.

பழையஇரும்பு
சந்தோஷம் தம்பி. இன்லெட் வால்வ கழட்டி பாத்தீங்களா?

பழையஇரும்பு
பாத்தீங்களா தம்பி?