ஆறாத வாய்ப்புண்: எப்போது ஸ்பெஷலிஸ்ட்டிடம் காட்டணும்?

கேள்வி: மாமாவுக்கு வயது 52, புகையிலை போடுவார். நாக்கு ஓரத்தில் புண் வந்து நாலு வாரமாச்சு. வலி இல்லை. ஜெல், பி காம்ப்ளெக்ஸ் எதற்கும் கேட்கவில்லை. இன்னும் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில் 1: வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள். சாதாரண வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறும். மூன்று வாரம் தாண்டினால் காரணம் தேடியே ஆகணும். வலி இல்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், ஆரம்பப் புற்று பல சமயம் வலிக்காது. பல் உரசி வந்த புண் என்றால் பல்லை ராவிவிட்டு இரண்டு வாரம் பார்ப்பார்கள். ஆனால் புண்ணின் அடி கெட்டியாக இருந்தால் அந்தக் காத்திருப்பும் கூடாது. பயாப்ஸி, அதாவது பரிசோதனைக்கான திசுத் துண்டு, புண்ணின் விளிம்பில் எடுக்கணும். நடுவில் எடுத்தால் செத்த திசுதான் வரும், ரிப்போர்ட் தெளிவாக இருக்காது.

கேள்வி கேட்டவர்: யாரிடம் போவது? பல் டாக்டரா, இ.என்.டி.யா?

பதில் 2: யார் சீக்கிரம் கிடைக்கிறாரோ அவர். பயாப்ஸியில் புற்று என்று வந்தால் தலை-கழுத்துப் புற்று அறுவை நிபுணர். கழுத்தையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி இருந்தால் முதலில் ஊசி டெஸ்ட், அதாவது ஊசியால் செல்களை உறிஞ்சி எடுத்துப் பார்ப்பது. எடுத்த எடுப்பில் கீறி எடுத்தால் பின்னால் செய்யும் ஆபரேஷன் சிக்கலாகும். கழுத்துக் கட்டியை டிபி என்று நினைத்து டெஸ்ட் இல்லாமல் டிபி மருந்து ஆரம்பிப்பதும் தப்பு, மாதக்கணக்கில் நேரம் போய்விடும்.

பதில் 3: மூன்று வாரம் தாண்டிய குரல் கரகரப்பு, விழுங்கச் சிரமம், ஒரு பக்கக் காதுவலி, வாய்க்குள் சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையும் அளவுக்குத் திறக்காத வாய் — இவற்றுக்கும் தாமதம் வேண்டாம். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் நேரே எமர்ஜென்சி.