கர்லிங் பார்த்த வடசென்னைக்காரர்கள் யாராவது உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வியாசர்பாடி ஸ்ட்ரைக்கர்:

நானே ஆரம்பிக்கிறேன். 2018 பிப்ரவரி 13, சிவராத்திரி. ராத்திரி எப்படியும் கண்விழிக்க வேண்டும் என்று சாயங்காலமே எங்கள் தெருக் கேரம் கிளப்பில் உட்கார்ந்துவிட்டோம். ஒரு தம்பி போனில் குளிர்கால ஒலிம்பிக் ஓடிக்கொண்டிருந்தது. தென்கொரியாவில் கர்லிங் கலப்பு இரட்டையர் இறுதி ஆட்டம். ஐஸ் தரையில் கனமான கல்லை வழுக்கவிட்டு, அந்தக் கோடியில் இருக்கும் வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம்; கல் போகும் வழியைத் துடைப்பம் மாதிரி ஒரு பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் நுழைந்ததே அந்த வருடம்தான்.

முதல் ஐந்து நிமிடம் துடைப்பத்தைப் பார்த்துச் சிரித்தோம், மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் ஒரு கல் மெதுவாக வளைந்து போய் இன்னொரு கல்லுக்குப் பின்னால் ஒளிந்து நின்றது. சிரிப்பு அடங்கிவிட்டது. எதிராளிக்குக் காய் தெரியாமல் மறைத்து வைப்பது நமக்குத் தெரியாத வேலையா? இளவழகி 2008-இல் கேரம் உலகச் சாம்பியன் ஆனது எங்கள் வியாசர்பாடியிலிருந்துதான். காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரமில் 3 தங்கம் வாங்கியபோதும் வடசென்னை முழுக்க இதே பேச்சு.

கனடாவின் கெய்ட்லின் லாஸ், ஜான் மோரிஸ் ஜோடி 10-3 என்று ஜெயித்தது. மொத்தம் 8 எண்டு, அதாவது 8 சுற்று. ஆறு முடிந்ததுமே சுவிட்சர்லாந்து ஜோடி, இனி முடியாது என்று கை கொடுத்துவிட்டது. எங்கள் கிளப்பில் 24-0 என்று இருந்தாலும் ஒருவனும் பலகையை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

நான் நேரில் பார்த்திருக்கிறேன் தம்பி. 2023 மார்ச்சில் மகள் பிரசவத்துக்காகக் கனடாவில் சட்பரி என்ற ஊரில் இருந்தேன். அந்த மாதம் அந்த நாட்டின் தேசியக் கலப்பு இரட்டையர் போட்டி அங்கேதான் நடந்தது. 32 ஜோடிகள். "எத்தனை நாள்தான் பத்தியச் சமையலே செய்துகொண்டிருப்பீர்கள், வாங்க அத்தை" என்று மருமகன் கூட்டிக்கொண்டு போனார்.

உள்ளே பக்கத்துப் பக்கத்தில் பல ஆட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஓரத்தில் இருந்த ஓர் ஆட்டத்தையே பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் ஒரு காலை மடக்கி, இன்னொரு காலைப் பின்னால் நீட்டி, தரையோடு தரையாக வழுக்கிக்கொண்டே போய்க் கல்லை விட்டாள். நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த எடை. ஆனால் தள்ளியதாகவே தெரியவில்லை. கையை எடுத்தாள், அவ்வளவுதான்.

விட்டவள் அப்படியே நிற்கவில்லை. எழுந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தன் கல்லுக்குப் பின்னாலேயே ஓடி, அதற்கு முன்னால் போய்த் தேய்க்கிறாள். நான்கு பேர் ஆட்டத்தில் அதற்கென்று தனி ஆட்கள் உண்டாம். இதில் இருப்பதே இரண்டு பேர். இன்னொருவர் அந்தக் கோடியில் வட்டத்துக்குள் நின்று தொண்டை கிழியக் கத்துகிறார். சண்டை வந்துவிட்டது என்றே நினைத்தேன். "புருஷன் பெண்டாட்டி அத்தை, ஆட்டமே அப்படித்தான்" என்றார் மருமகன். அப்படியானால் இதை எங்கள் வீட்டிலேயே சும்மா பார்க்கலாமே!

கணக்கு மட்டும் புரிய நேரமானது. ஒவ்வோர் எண்டிலும் ஜோடிக்கு ஒரு கல்லை முன்கூட்டியே ஐஸ் மேல் வைத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு ஜோடிக்கு ஐந்து கல். முதல் கல்லையும் ஐந்தாவது கல்லையும் ஒருவரே விட வேண்டும், நடுவில் உள்ள மூன்றையும் மற்றவர். இரு தரப்பிலும் சேர்த்து நான்காவது கல் வரும்வரை எதையும் அடித்து வெளியே தள்ளக் கூடாது. அதனால் வட்டத்தைச் சுற்றிக் கல் சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஒரே கல் ஆட்டத்தைப் புரட்டிப் போட்டுவிடும்.

நான் மறக்காதது வேறு. ஓர் ஆட்டக்காரி தேய்க்கும்போது பிரஷ் அவர்கள் கல்லிலேயே லேசாகப் பட்டுவிட்டது போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, மருமகனுக்கும் தெரியவில்லை, எதிர் ஜோடியும் கவனித்த மாதிரி இல்லை. அவளே கையைத் தூக்கினாள், ஓடிக்கொண்டிருந்த தன் கல்லை நிறுத்தி ஓரமாகத் தள்ளிவிட்டாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்கள். அங்கே அது ஒரு விஷயமே இல்லையாம்.

இறுதி ஆட்டத்துக்குப் போக முடியவில்லை, குழந்தைக்கு வயிறு சரியில்லை. ஜெனிஃபர் ஜோன்ஸ், பிரென்ட் லெய்ங் ஜோடி ஜெயித்ததாக மருமகன் சொன்னார். அவர்களும் புருஷன் பெண்டாட்டிதான்.

வியாசர்பாடி ஸ்ட்ரைக்கர்:

டீச்சரம்மா, அந்தக் கையைத் தூக்கிய கதையைக் கிளப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சட்டைக் கை காயில் பட்டதா இல்லையா என்று போன வாரம் அரை மணி நேரம் கத்திய இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இன்னொன்று, எங்கள் கிளப்பில் டபுள்ஸ் ஆடும்போது எதிரில் இருக்கும் பார்ட்னரிடம் வாயைத் திறந்தாலே முறைப்பார்கள். கண்ணால்கூட ஜாடை காட்டக் கூடாது. அங்கே முழுக்க முழுக்கப் பேச்சு.

பெரம்பூர் லோகோ:

அதே 2018-இல் ரஷ்ய ஜோடியின் வெண்கலத்தைப் பிடுங்கியது ஞாபகம் இருக்கிறதா? அவர்களும் புருஷன் பெண்டாட்டி. புருஷன் மெல்டோனியம் என்ற ஊக்கமருந்தை எடுத்ததாகச் சோதனையில் வந்து, பதக்கம் நார்வே ஜோடிக்குப் போனது. கூட்டிப் பெருக்க எதற்கடா ஊக்கமருந்து என்று ஆபீசில் சிரித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியைத் தேய்த்த பிறகு சிரிக்கவில்லை.

காசிமேடு ஐஸ்பார்:

ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், ஐஸைப் பற்றி நான் சொல்கிறேன். இருபது வருடமாக மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் பிளான்ட் ஆபரேட்டர். 2022-இல் பெய்ஜிங் ஒலிம்பிக் ஆட்டங்களை நைட் ஷிஃப்டில் போனில் போட்டுப் பார்த்தேன். இத்தாலியின் ஸ்டெஃபானியா கான்ஸ்டன்டினி, அமோஸ் மோசனேர் ஜோடி 11 ஆட்டத்தில் 11-ம் ஜெயித்துத் தங்கம் வாங்கியது. நான் பார்த்தது அவர்கள் காலுக்குக் கீழே.

நம் ஐஸ் பாரைப் பாருங்கள். குளிர்ந்த உப்புத் தண்ணீர்த் தொட்டியில், தண்ணீர் நிரப்பிய கேனை இறக்கினால் உள்ளே ஓரத்திலிருந்துதான் உறையும். தண்ணீரில் இருக்கும் காற்றும் உப்பும் ஒதுங்கி ஒதுங்கி நடுவில் மாட்டிக்கொள்ளும், அதனால்தான் பார் நடுவில் பால் மாதிரி வெள்ளை. மீனுக்கு அது போதும். கர்லிங்குக்கு அந்த உப்பும் அழுக்கும் ஆகாது, சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள்.

அதைவிட ஆச்சரியம், தரை வழவழப்பாக இருக்கக் கூடாது! ஒருவர் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே வெந்நீரைத் துளித் துளியாகத் தெளிக்கிறார். விழுந்த துளி அங்கேயே உறைந்து சின்னச் சின்ன மேடாக நிற்கும். கல்லின் அடிப்பக்கமும் குழிவு, வளையம் மாதிரி ஒரு விளிம்பு மட்டும்தான் அந்த மேடுகளில் படும். மழமழவென்று இருந்தால் கல் பாதி வழியிலேயே நின்றுவிடும். தேய்த்தால் மேற்பரப்பு கொஞ்சம் சூடாகி உராய்வு குறையும், கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும்.

எங்கள் முதலாளியிடம் காட்டினேன். "மிதித்து விளையாட ஐஸா? இதில் எத்தனை போட்டுக்கு ஐஸ் ஏற்றலாம்" என்றார்.

ராயபுரம் பிஸிக்ஸ்:

ஐஸ்பார் அண்ணே, அருமை. ஒரு சோதனை சொல்கிறேன், எல்லோரும் வீட்டில் செய்யலாம். எவர்சில்வர் டம்ளரை வழவழப்பான மேஜையில் கவிழ்த்து, வலச்சுற்றாகச் சுழற்றியபடி முன்னால் தள்ளுங்கள். இடது பக்கம் வளையும். முன்விளிம்பு அதிகம் அழுந்துவதால் அங்கே உராய்வு கூடுகிறது, அதனால் அப்படி. ஆனால் கர்லிங் கல்லை அதே வலச்சுற்றாக விட்டால் வலது பக்கம் வளைகிறது. நேர் எதிர்! ஏன் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கல் உரசுவதால் ஐஸ் உருகுவது என்கிறார் ஒருவர், கல் ஐஸில் போடும் கீறல் என்கிறார் இன்னொருவர். எங்கள் புரொபசரிடம் கேட்டேன், செமஸ்டருக்கு வராது என்றார்.

வியாசர்பாடி ஸ்ட்ரைக்கர்:

கேரம் பலகையில் பவுடர் போட்டு டம்ளரை விட்டுப் பார்த்தோம். பலகையில் கீறல் விழும் என்று கிளப் அண்ணா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

தண்டையார்பேட்டை டீச்சர்:

எங்கள் டைனிங் டேபிளில் செய்துவிட்டேன். இடது பக்கம்தான் போனது. அங்கே மீன் குழம்புச் சட்டி இருந்தது.