செர்மாட்டா, கிரிண்டல்வால்டா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

மார்ச் கடைசியில் சுவிட்சர்லாந்து ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கப் போகிறோம், நான்கு பேர், எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி. செர்மாட் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேலே பனியாறும் உண்டு, அதனால் பனிக்குப் பஞ்சமில்லை. ஆனால் காரைக் கீழே டேஷ் என்ற ஊரிலேயே விட்டுவிட்டு ரயிலில்தான் ஊருக்குள் போக வேண்டும், செலவும் கையைக் கடிக்கும். கிரிண்டல்வால்ட் 1,034 மீட்டர்தான். அந்தச் சமயத்தில் கீழ்ச்சரிவுகள் மதியத்துக்குள் கூழாகிவிடுமோ?

எங்களில் இருவர் சறுக்குக்கட்டையைக் காலில் மாட்டியதே இல்லை. நீலக் குறி போட்ட சரிவு எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்புப் பக்கமே போகக்கூடாது, அதுவரை சரி. அவர்களுக்கு முதல் நாளே முழு லிஃப்ட் பாஸ் (சரிவுகளின் உச்சிக்கு ஏற்றிவிடும் எல்லா லிஃப்டுக்குமான சீட்டு) எடுப்பது வீண் என்று எனக்குப் படுகிறது, பயிற்சித் திடலுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதாதா? செர்மாட்டில் அந்தத் திடல் மேலே சுன்னெகா என்ற இடத்தில் இருக்கிறது. கணுக்காலை அசையவிடாத பூட்ஸோடு, கட்டைகளையும் தோளில் போட்டுக்கொண்டு தினமும் சுரங்க ரயில் ஏறி இறங்குவது புதியவர்களுக்குக் கஷ்டமா?

அப்புறம் காப்பீடு. ஹெலிகாப்டர் மீட்புக்குத் தனியாக எடுத்தீர்களா, பயணக் காப்பீட்டிலேயே சேர்ந்து வந்ததா? இந்த வாரமே அறை பதிய வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.