‘என்னால் ஆகுமா?’ என்று தயங்கி நின்ற நாட்கள்: நம் அனுபவங்கள்

கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்க ஆள் தேவை என்று அலுவலகத்தில் அறிவிப்பு வந்தது. அன்றிரவே விண்ணப்பத்தை நிரப்பினேன், அனுப்பவில்லை. மறுநாள் திறந்து இரண்டு வரிகளைத் திருத்தினேன். அதற்கு மறுநாள் அதே இரண்டு வரிகளைப் பழையபடி மாற்றினேன். கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் எதிரே 20 பேர் உட்கார்ந்து என்னையே பார்ப்பார்கள் என்று நினைத்தாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பிரிவில் மூத்தவர் ஒருவர் இருந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். “எனக்கு அந்தத் தகுதி இல்லை அக்கா” என்றேன். “என்னென்ன இல்லை? எழுதிக்கொண்டு வா” என்றார். தேற்றுவார் என்று நம்பிப் போன எனக்கு அது சுருக்கென்றிருந்தது. ஆனாலும் எழுதினேன். ஒன்பது வரிகள் வந்தன. அவர் பேனாவை எடுத்து ஆறு வரிகளை அடித்தார். ‘கேள்விக்குப் பதில் தெரியாமல் நிற்பேன்’, ‘சிரிப்பார்கள்’, ‘இவளுக்கு ஏன் கொடுத்தார்கள் என்பார்கள்’ எல்லாம் அந்த ஆறில் அடக்கம். “இந்த ஆறும் பயம். குறை மூன்றுதான்” என்றார். பாடத்தை வகுப்புகளாகப் பிரித்துப் பழக்கமில்லை, திரையில் காட்டும் பக்கங்களைத் தயாரிக்கத் தெரியாது, ஒரு மணி நேரம் தொடர்ந்து பேசியதில்லை. இவை மூன்றும் பழகினால் வருபவை. கடைசி நாளன்று விண்ணப்பத்தை அனுப்பினேன்.

அடித்த ஆறில் ஒன்று முதல் வகுப்பிலேயே நடந்துவிட்டது. ஓர் இளைஞர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. “பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்” என்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கினார். இத்தனை மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது, அரை நிமிடத்தில் கடந்து போயிற்று!

* * *

சகோதரி எழுதியதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளே நுழைந்த பிறகுதான் இது ஆரம்பித்தது. ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்த நாளிலிருந்து, தேர்வுக் குழு ஏதோ தவறு செய்துவிட்டது, ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பாராட்டு வந்தால் அதிர்ஷ்டம் என்பேன், திருத்தம் வந்தால் இதுதான் என் லட்சணம் என்பேன். பிறகுதான் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகச் சாதித்த 150க்கும் மேற்பட்ட பெண்களிடம் அவர்கள் கண்டதும் இதே எண்ணம்தான்: பட்டமும் பதவியும் இருந்தும், மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்ற உள்ளுணர்வு. அந்தக் கட்டுரை என் சந்தேகத்தைத் தீர்த்துவிடவில்லை. ஆனால் முதன்முறையாக அதைத் தோழியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவளும் அதையே சொன்னாள்! இரண்டு ஆண்டுகளாக அடுத்தடுத்த மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் ஒளித்து வைத்திருந்தோம்.

* * *

ஒரு வேறுபட்ட கருத்து. தயக்கம் எல்லாவற்றையும் பயம் என்று ஒதுக்கிவிட முடியாது. நான் மொழிபெயர்ப்பாளன். சட்ட ஆவணம் ஒன்று வந்தபோது ‘இந்தச் சொற்கள் எனக்குத் தெரியாதே’ என்று மனம் சொன்னது. துணிந்து இறங்கு என்று நண்பர்கள் சொன்னார்கள். இறங்கினேன். பாதிப் பக்கங்கள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன. மனம் சொன்னது சரிதான்! அடுத்த முறை, கூடுதலாக இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன், கொடுத்தார்கள். பழைய ஆவணங்களை வைத்துக்கொண்டு ஒரு சொற்பட்டியல் தயாரித்தேன். அந்த வேலை திருத்தமின்றிப் போயிற்று.

தன்னால் முடியும் என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல் எழுதினார். தானே செய்து முடித்தது, பிறர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொன்ன ஊக்கம், உடலின் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது என நான்கு ஊற்றுகள். இவற்றில் செய்து முடித்ததற்கே வலு அதிகம் என்றார். என் விஷயத்தில் அது அப்படியே உண்மை. நண்பர்களின் ஊக்கம் ஒரு வாரம் தாங்கியது. சொற்பட்டியல் இன்றும் மேசையில் இருக்கிறது.

* * *

நேற்றிரவு இவற்றையெல்லாம் படித்துவிட்டு நானும் ஒரு தாளை எடுத்தேன். ஏழு வரிகள். நான்கை நானே அடித்துவிட்டேன். இரண்டு உண்மையான குறைகள், யாரிடம் கற்றுக்கொள்ளலாம் என்பதும் தெரியும். மிச்சம் ஒரு வரியை அடிப்பதா, விடுவதா என்று காலை வரை புரியவில்லை. ‘எனக்கு 46 வயதாகிறது’ என்று எழுதியிருக்கிறேன். சகோதரி, உங்கள் அக்கா இதை எந்தப் பக்கம் சேர்த்திருப்பார்?