பியூட்டைல் அசிட்டேட்: இரண்டாம் சுற்றில் ரெசின் வேகம் குறைகிறது

கேள்வி: பியூட்டைல் அசிட்டேட் என்ற எஸ்டரைத் தயாரிக்க அசிட்டிக் அமிலம் 30 கிராம், பியூட்டனால் 44 கிராம், வினையூக்கியாக ஆம்பர்லிஸ்ட் 15 ஈர ரெசின் (அமிலத்தன்மையுள்ள பிசின் மணிகள்) 6 கிராம், ரிஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்வித்துக் குடுவைக்கே திருப்பும் கொதிப்பு), காந்தக் கலக்கி. டைட்ரேஷனில் (காரம் சேர்த்து அமிலத்தை அளந்ததில்) அமிலம் பாதிக்குக் கீழே இறங்கவில்லை. ரெசினை வடிகட்டி மறுபடி போட்டால் இன்னும் மந்தம். ரெசின் செத்துவிட்டதா?

பதில்: சாகவில்லை, தண்ணீரில் மூழ்கியிருக்கிறது. ஈர ரெசினில் பாதிக்கு மேல் நீர்தான். ரெசினின் அமில முனைகளான சல்ஃபோனிக் தொகுதிகளை அது போர்த்திக்கொண்டால் ஆல்கஹால் நெருங்க முடியாது. மெத்தனாலில் அலசி, 100 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். பிறகு டீன்-ஸ்டார்க் (கொதிப்பில் வரும் நீரைத் தனியே பிரித்துச் சேர்க்கும் கண்ணாடிக் கருவி) மாட்டுங்கள். இந்த அளவுக்கு வினையில் வரும் நீர் 9 மில்லி. அதைவிட வெகுவாகக் கூடினால் ரெசின் சரியாக உலரவில்லை.

பதில்: காந்தக் கட்டையை முதலில் எடுங்கள்! மணிகளை அரைத்துவிடும், கலங்கலாக, வடிதாளை அடைக்கும் பழுப்புத் தூள்தான் அடையாளம். மேலிருந்து சுற்றும் துடுப்புக் கலக்கி போதும். 120 டிகிரியைத் தாண்டாதீர்கள், சல்ஃபோனிக் தொகுதி கழன்று எஸ்டரில் அமிலம் கலக்கும். நீர் முழுதும் வெளியேறியதும் குடுவை வெப்பம் ஏறும், அங்கேயே நிறுத்துங்கள்.

பதில்: உலர்த்தியும் மந்தமென்றால் இரும்பு, கால்சியம் அயனிகள் புரோட்டானின் இடத்தைப் பிடித்திருக்கும். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மெதுவாகச் செலுத்தி, கழிவுநீர் நடுநிலையாகும் வரை அயனி நீக்கிய நீரில் கழுவுங்கள். குழாய் நீர் கூடாது. அதிலுள்ள கால்சியமே மறுபடி ஒட்டிக்கொள்ளும்.